மணி கட்டிய கயிறு

“அண்ணி, மாடு தெருமுனை தாண்டுற வரைக்கும் நீங்க வெளிய தலை காட்டாதீங்க. தப்பா எடுத்துக்காதீங்க.”

மாட்டுப் பொங்கல் அன்று காலை கொழுந்தன் சகாதேவன் தொழுவத்து வாசலில் நின்று சொன்னான். கொம்புக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்த வைஜெயந்தி நிமிரவில்லை. அவள் கணவன் கலியபெருமாள் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது.

“வருசம் பூரா கழுவெளி சதுப்புல இதுங்கள மேய்க்கிறது நானு. அப்பல்லாம் ஆவுற மூஞ்சி இன்னிக்கு மட்டும் ஆவாதா?”

“நான் என்ன பண்ணட்டும்? ஊரு பேசுது. கல்லு வேற தெறக்கறாங்க. மணிய ஜெயப்ரியா கட்டட்டும்.” மனைவி ஜெயப்ரியாவைத் தொழுவத்திலேயே விட்டுவிட்டு ஆட்களை அழைத்துவரப் போனான்.

உப்பளத்துக்குப் போகும் பாதையில் துணி போர்த்தி நிற்கிறது அந்தக் கல். முதன்முதல் மாடு ஓட்டி வந்து இங்கே குடியேறியவர்கள் என்று ஐந்து பெயர்கள், ஐந்தும் ஆண்கள். முதல் பெயர் இவர்கள் வம்சத்து அப்பாதுரை. அந்த மகராசன் இந்த மண்ணை மிதிக்கவே இல்லை! வரும் வழியிலேயே பாம்பு கடித்துச் செத்துப்போனான். நாற்பது மாட்டையும் ஓட்டி வந்து, உப்புத் தரையில் நல்ல தண்ணீர் கண்டவள் அவன் மனைவி சாமுண்டீஸ்வரி. முன்மாட்டின் மணிக்கயிறு வழியில் அறுந்தபோது, தன் கழுத்திலிருந்து அறுத்த தாலிக்கயிற்றில் மணியைக் கோத்துக் கட்டினாளாம். பால் கறக்கும்போது மாமியார் சொன்ன கதை.

இன்றைக்கும் முன்மாட்டுக்கு மஞ்சள் கயிற்றில்தான் மணி. வீட்டுப் பெண் கட்டுவாள், ஆண்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள், கட்டியவள் மாட்டைப் பிடித்து முன்னால் நடப்பாள். மந்தை கழுவெளியைச் சுற்றித் திரும்பும்வரை அதை அவிழ்த்தால் மாட்டுக்கு ஆகாது. ஏன் மஞ்சள் கயிறு என்று மட்டும் எந்த ஆம்பளையும் கேட்டதில்லை.

வைஜெயந்தி உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். காரியத்தன்று அறுத்துப் பாலில் போட்ட கயிற்றை யாருக்கும் தெரியாமல் எடுத்து வைத்திருந்தாள். அறுந்த இடத்தை முடிந்து, மஞ்சள் குழைத்துப் பூசி, மணியைக் கோத்தாள். பயம்தான், இல்லையென்று சொல்ல முடியாது.

“அக்கா, இது...” என்றாள் ஜெயப்ரியா.

“ஆமா. வேணாம்னா சொல்லு.”

ஜெயப்ரியா தான் கொண்டுவந்த புதுக் கயிற்றை இடுப்பில் செருகிக்கொண்டாள். “கட்டுங்க. நான் பசுவப் புடிச்சிக்கறேன்.”

மணியைக் கட்டிவிட்டு வைஜெயந்தி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மேளத்தோடு ஆண்கள் வந்தார்கள். சகாதேவன்தான் முதலில் கயிற்றைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான். பிறகு வரிசையாக எல்லோரும்.

கதவைத் திறந்துகொண்டு வந்து வைஜெயந்தி மாட்டின் தலைக்கயிற்றைப் பிடித்தாள். மேளம் நின்றது.

“அண்ணி! சொன்னேன் இல்ல?”

“மணி கட்டுனவதான முன்னால போவணும்? கட்டுனது நானு. என் தாலிக்கயிறு அது. சாமுண்டீஸ்வரியும் அப்படித்தான் கட்டுனா. அவ உள்ளயே குந்தியிருந்தா, இந்த ஊரு ஏது?”

சகாதேவனின் கை மணியை நோக்கிப் போனது. அவிழ்த்தால் மாட்டுக்கு ஆகாது. கை பாதியிலேயே நின்றது.

வைஜெயந்தி நடந்தாள். மணிச் சத்தம் கேட்டுத் தொழுவத்தின் மற்ற பதினோரு மாடும் கிளம்பின. மாட்டை விட்டுவிட்டு ஊர் எங்கே போகும்? கல்லைத் தாண்டி எல்லோரும் அவள் பின்னால் நடந்தார்கள். சகாதேவனும் நடந்தான், இமையில் ஒட்டிய மஞ்சளைத் துடைக்கவும் துணியாமல்.