வெடிக்க மறுத்த நட்சத்திரம்

ஒன்பது நாளாக நஸாரின் கடையில் ஒரு நட்சத்திரம் வெடிக்காமல் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. நோர்வூட் பஸாரில் போட்டோக் கொப்பி அடித்து, படிவம் நிரப்பிக் கொடுத்துப் பிழைக்கிற மனுசனுக்கு இது தேவையா? மகன் ரிஃகான் கட்டாருக்குப் போகும்போது விட்டுப்போன பெரிய கம்ப்யூட்டரை, வினோதா வந்து, அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி "நானா" என்று கேட்டதும் பாவம் பார்த்துக் கொடுத்துவிட்டார். இப்போது அதில் ஒரு பக்கம்கூட அச்சடிக்க முடியவில்லை. பழைய மெஷினோ கடதாசியைத் தின்கிறது.

வினோதா பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. பௌதிகவியல் கடைசி வருடம். பல்கலைக்கழகத்தில் வேலைநிறுத்தம், அவள் குடியிருக்கும் லயத்து வீட்டுக் கரண்டு நினைத்தால் போகும். சூரியனைப் போல் பதினைந்து மடங்கு கனமான நட்சத்திரம் கடைசியில் எப்படி வெடிக்கிறது என்பதை அவள் கம்ப்யூட்டரில் கணக்காக ஓட்டினாள். நடுப்பகுதி இடிந்து விழும். அதிலிருந்து ஓர் அதிர்ச்சியலை வெளியே பாயும். நூற்றைம்பது கிலோமீட்டர் போனதும் நின்றுவிடும். உள்ளேயிருந்து கிளம்பும் நியூட்ரினோத் துகள்களின் சூடு அதை மறுபடி தள்ள வேண்டும். தள்ளினால்தானே! ஓர் ஓட்டத்துக்கு மூன்று நாள். மூன்று ஓட்டத்திலும் அலை நின்ற இடத்திலேயே நின்றது.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் தானாக வெடித்த முடிவை அனுப்பினால், வெளிநாட்டு ஆய்வு இடத்துக்கு அவள் பெயரைக் கொடுப்பதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார். அவளுக்கு இருந்த ஒரே வழி அது.

செவ்வாய்க்கிழமை நஸாருக்குப் பொறுமை போய்விட்டது. எதையாவது கூட்டிப் போட்டு அதை வெடிக்க வைத்துத் தொலைக்கக் கூடாதா என்று கேட்டார். முடியும் என்றாள் அவள். சூட்டுக்கு ஓர் எண் இருக்கிறது, ஒன்று. அதை ஒன்று தசம் மூன்று ஆக்கினால் வெடிக்கும். அப்படிச் செய்கிறவர்கள் அதை எழுதிவைத்துவிட்டுத்தான் செய்வார்கள்.

"எனக்கு அது தானா வெடிக்குதான்னு பாக்கணுங்க, நானா."

அன்று பின்னேரம் கரண்டு போய்விட்டது. கணக்கின் கட்டங்களை இன்னும் நெருக்கமாகப் போட்டு கடைசி ஓட்டத்தைத் தயாராக வைத்திருந்தாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமானதால், கரண்டு வந்ததும் இன்னதைத் திறந்து இன்னதை அழுத்துங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு ஓடினாள்.

நஸார் முப்பது வருடமாக ஊர்ச் சனத்தின் சிங்களப் படிவங்களை நிரப்புகிறவர். வயது குறைந்தால் கூட்டுவார், விலாசம் இல்லாவிட்டால் ஒன்றைப் போடுவார். அரசாங்கக் கந்தோர்க்காரன் திருப்பி அனுப்பக் கூடாது, அவ்வளவுதான். கரண்டு வந்தது. எண்ணைத் தேடிப் பிடித்தார், ஒன்று தசம் மூன்று என்று அடித்தார், அழுத்தினார். பெரிய புண்ணியம் செய்த திருப்தியில் வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து கடையைத் திறந்தபோது வினோதா வாசலில் நின்றாள். ஓட்டம் முடிந்திருந்தது. திரையில் அந்த அலை நூற்றைம்பதைத் தாண்டி, ஆயிரத்தைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டே போயிருந்தது. அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு கொழுந்து மலையில் நின்ற அம்மா அம்மாக்கண்ணுவுக்குப் போன் எடுத்தாள். அந்தப் பக்கம் கொழுந்தெடுக்கும் பெண்களெல்லாம் ஒன்றாகச் சத்தம் போட்டது நஸாருக்கே கேட்டது. அப்பாடா, தொல்லை தீர்ந்தது என்று அவர் கடதாசிக் கட்டை எடுத்தார்.

"கட்டத்த நெருக்கமாப் போட்டதாலதாங்க வெடிச்சிருக்கு. இத இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல, நானா. அப்படித்தான் எழுதப் போறேன்."

நஸார் கடதாசிக் கட்டைத் திரும்ப வைத்தார். இந்தப் பிள்ளை இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டது! அதுவும் அவர் கடையில் உட்கார்ந்து. அட முஸீபத்தே, படிவம் என்றால் அடித்துத் திருத்தலாம், இதை எங்கே போய்த் திருத்துவது?

"மகள், அந்த நம்பர நான்தான் மாத்தினேன்."

அவள் எண்ணைத் திறந்து பார்த்தாள். கண்ணைத் துடைத்தாள். மணி மூன்றேகால், இனி மூன்று நாள் ஓட்டத்துக்கு எங்கே போவது? முதல் மூன்று ஓட்டங்களின் படங்களை எடுத்துப் போட்டு, வெடிக்கவில்லை என்று எழுதி அனுப்பினாள். வெளிநாட்டு இடம் என்னாகும் என்று நஸார் மெல்லக் கேட்டார்.

"போச்சுங்க, நானா."

அப்போது மறுபடி போன் அடித்தது. அம்மாக்கண்ணுதான். வினோதா எடுக்காமல் அதை அவர் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே சொல்லுங்க."

நஸார் போனைக் காதில் வைத்தார். வெடிச்சது பாக்க எப்படிங்க இருந்துச்சு, நாங்க எல்லாரும் கெளம்பி வர்றோம் என்று அம்மாக்கண்ணு மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வெடிக்கல்ல, தங்கச்சி," என்றார் நஸார். "நான்தான் பொய்யா வெடிக்க வச்சேன்."