மூன்றாம் மாதத்தில் நின்ற பேச்சு

“மொகம் பாக்குதவக பாத்துக்கிடுங்க, இனி கட்டிருவோம்” என்று குளிப்பாட்டிய பெண் உள்ளேயிருந்து குரல் கொடுத்தபோது, காஜா முகைதீன் வாசலில் நின்று வந்தவர்களிடம் பொறுக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எம் பொஞ்சாதி யாரு மனசும் நோவப் பேசிருந்தா, அல்லாவுக்காகப் பொறுத்துக்கிடுங்க.”

“பொறுத்தோம் அண்ணாச்சி, பொறுத்தோம்.”

மய்யித்தை அடக்கத்துக்கு எடுக்குமுன் கேட்கிற வழக்கம்தான். ஆனால் யாரையும் நோகடிக்கத் தெரியாதவளுக்காக, அவளை நோகடித்தவரே கேட்டு நின்றதைக் கொடுமை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜுபைதா கேரளத்துப் புனலூர்க்காரி. கல்யாணமாகித் தச்சநல்லூர் வந்த புதிதில், இன்னொரு தோசை வைக்கப் போனால் தட்டைக் கையால் மூடி “மதி” என்பாள். போதும் என்று அர்த்தம். பசித்தால் விசப்பு, குளிர்ந்தால் தணுப்பு. காஜாவின் அக்காமார் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அக்காமாரை அதட்ட வக்கில்லாதவர் பெண்டாட்டியை அதட்டினார்.

“இந்த வீட்டுல இனி அந்தப் பாஷை கேக்கக் கூடாது. நாளைக்குப் பிள்ளையளுக்கும் ஒட்டிக்கிடும்.”

மூன்றாம் மாதம் சொன்னது. அன்றோடு நிறுத்திவிட்டாள். முப்பத்தோரு வருஷம் அசல் நெல்லைக்காரி தோற்கிற மாதிரித் தமிழ் பேசினாள். தங்கையோடு போனில் பேசுவதென்றால்கூட மாடிக்குப் போய்விடுவாள்.

போன மாதம் மூளையில் ரத்தம் கசிந்து படுத்தாள். கண் விழித்தபோது தமிழ் ஒரு சொல்லும் மிச்சமில்லை. மலையாளம் மட்டும் இருந்தது. மகள் ஸமீஹா தன் சாச்சியான அந்தத் தங்கையிடம் போனில் கேட்டுக் கேட்டு எழுதி, கட்டிலை ஒட்டிய சுவரில் ஒட்டினாள். வேதனை என்றால் வலி, உறக்கம் என்றால் தூக்கம், பின்னே என்றால் அப்புறம். காஜாவுக்கு அந்தக் காகிதம் தேவையே இல்லை. முக்கால்வாசி அவருக்குத் தெரியும். தெரியும் என்று காட்டிக்கொள்ளத்தான் வெட்கம்.

ஒருநாள் ஆளில்லாத நேரம் பார்த்து, “ஏளா ஜுபைதா, என்னைப் பொறுத்துக்கோ” என்றார். அவளுக்கு அது விளங்கவே இல்லை. யாரோ வேற்றாளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அவள் கண்ணை மூடுமுன் அவளுக்கு விளங்கும்படி கேட்டுவிட வேண்டும் என்ற தவிப்பு அன்று பிடித்தது.

இன்று விடியற்காலைத் தொழுகை முடிந்து, ‘பொறுத்துக்கோ’ என்பதை எப்படிச் சொல்வதென்று தெருமுனை டீக்கடை மலையாளியிடம் மானத்தை விட்டு விசாரித்தார். “பொருத்தப்பெட்டு தரணம்” என்று சொல்லச் சொன்னான் அவன். வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடந்து வந்தார். வீட்டு வாசலிலேயே ஸமீஹாவின் அழுகை கேட்டது. கால்மணி நேரம் முந்தியிருந்தால் போதும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

“வாப்பா, உள்ள கூப்பிடுதாவ” என்று, வாசலில் பொறுக்கக் கேட்டு நின்றவரின் கையை ஸமீஹா பிடித்தாள்.

தலைமாட்டில் ஜுபைதாவின் தங்கை மஹ்மூதா பீவி உட்கார்ந்திருந்தாள். புனலூரிலிருந்து சற்று முன்தான் வந்திருந்தாள். கண்ணில் ஈரமில்லை. சுற்றிலும் காஜாவின் அக்காமார். இவளாவது பொறுத்தேன் என்று சொல்லிவிட்டால் போதும் என்று அவருக்கு இருந்தது. அவள் எதிரே போய் நின்றார்.

“எனிக்கு பொருத்தப்பெட்டு தரணம்.”

ஓதிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். மூத்த அக்கா முக்காட்டை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மஹ்மூதா அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

“எனிக்கு பொறுக்கான் ஒந்நுமில்லா மச்சான். இத்தாயோடு சோதிக்கணம்.”

தான் பொறுக்க ஒன்றுமில்லை, அக்காவிடம்தான் கேட்க வேண்டும் என்கிறாள். அதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

காஜா முகைதீன் தரையில் மண்டியிட்டார். வெள்ளைத் துணிக்கு நடுவே முகம் மட்டும் தெரிந்தது. காதருகே குனிந்து சொன்னார். பின் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். பின் மறுபடியும்.

குளிப்பாட்டிய பெண் தலைப்பக்கத்துக் கட்டுக்கான துணிக்கீற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கட்டவும் இல்லை, அவரை எழுந்திருக்கச் சொல்லவும் இல்லை.