தோம்னிக்கா அத்தையின் கேமரா

1.

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கருவிகளைப் பிரித்துப்போட்டுப் பார்க்கும் கிறுக்கர்களுக்கான ஒரு பத்திரிகை, "அடுக்குமாடிகளுக்குள் நாமே இணையக் கேபிள் இழுத்த காலத்திலிருந்து பத்து கெட்டிக்காரக் குறிப்புகள்" கேட்டது. மூன்றை ஒரே மூச்சில் எழுதினேன்.

ஒன்று: மொட்டைமாடியில் இணையத்தைப் பிரித்துத் தரும் பெட்டியை மழையிலிருந்து காக்க, பழைய எனாமல் பானையைக் கவிழ்த்து மூடுங்கள்.

இரண்டு: இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கேபிளைத் தனியாகத் தொங்கவிடாதீர்கள். துணி காயப்போடும் இரும்புக் கம்பியோடு சேர்த்துக் கட்டுங்கள்.

மூன்று: இடி கேட்டால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், பிறகு சிலுவை போட்டுக்கொள்ளுங்கள்.

நான்கு: படம் தராத கேமராவைச் சரிசெய்ய, முதலில்

இங்கே நின்றுவிட்டது. மூன்று வாரமாக நிற்கிறது.

2.

தொடக்கம், முதல் முயற்சி: "2003ஆம் ஆண்டு வசந்தத்தில் தன்யூப் நதி கரைபுரண்டு..." வேண்டாம். (நதிக்கரையிலிருக்கும் எங்கள் கலாட்ஸ் ஊர்க்காரர்கள் எதை எழுதினாலும் நதியை இழுத்துவிடுவோம்.)

இரண்டாவது முயற்சி: ஓக்தாவும் நானும் எதிரெதிர்க் கட்டடங்களில் இருந்தோம். உருக்காலைத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய பத்து மாடி வீடுகள். அவனுக்கு இருபத்து மூன்று வயது, எனக்கு ஒன்று குறைவு. நாங்கள் இருவருமாகக் கேபிள் இழுத்து அறுபது வீடுகளுக்கு ஒரே இணைப்பைப் பங்கு போட்டிருந்தோம். யாராவது ஒருவர் சினிமாப் படம் இறக்கினால் மற்ற ஐம்பத்தொன்பது வீட்டுக்காரர்களும் பால்கனியில் நின்று திட்டுவார்கள்.

இப்போது என் வீட்டில் இணையம் நிற்பதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் பெயரும் எனக்குத் தெரியாது.

3.

ஓக்தாவின் கட்டடத்தில், பத்தாவது மாடியில் தோம்னிக்கா அத்தை. உருக்காலையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனியாக இருந்தார். அவருடைய மகள் ஒதிலியா இத்தாலியில், பாதுவாவில், படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு கிழவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈஸ்டருக்கு அங்கிருந்து சாமான் ஏற்றி வந்த வேனில் ஆலிவ் எண்ணெயோடு, கணினியில் மாட்டும் ஒரு கேமராவும் அனுப்பியிருந்தாள். ஓக்தாவ் அதைப் பொருத்தினான். குரல் போனது, வந்தது. மகள் முகம் அம்மாவுக்குத் தெரிந்தது. அம்மா முகம் மட்டும் மகளுக்குத் தெரியவில்லை.

"நீ இன்ஜினியரிங் படிக்கிறேன்னு சொன்னது நிஜந்தானாடா?" என்று கேட்டாள் ஒதிலியா.

"கேமரா மட்டமான சரக்கு."

"கடைக்காரன் என் கண்ணு முன்னாடி போட்டுக் காட்டினான்டா."

இன்னொரு கேமரா அனுப்பினாள். அதுவும் குருடு. எங்கள் இரண்டு கட்டடமும் சிரித்தது. "ஓக்தாவ் தொட்டா மாடிவிளக்கும் அவிஞ்சிடும்," என்றார் கீழ்வீட்டு லிவியு. குப்பையில் கிடந்த ரேடியோவைப் பாட வைத்தவன் அவன். காது சிவக்க நின்றான்.

(என் பாத்திரத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். ஒரு வரைவில் நான் அவனைக் காதலித்ததாக எழுதினேன். அப்படி எழுதினால் நான் செய்தது மன்னிக்கத்தக்கதாகிவிடுகிறது. அடித்துவிட்டேன். அவனைவிட நான் கெட்டிக்காரி என்று காட்ட ஒரு சந்தர்ப்பம் தேடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.)

4.

ஜூன் மாதம் ஒதிலியா எனக்கு எழுதினாள். "ரலூகா, நீ பாரேன். அம்மா முகத்தைப் பாத்து ஒன்றரை வருஷமாச்சு."

ஓக்தாவ் பரீட்சைக்குப் போயிருந்த ஒரு காலையில் போனேன். அத்தை இளைத்திருந்தார். அந்த வெயிலிலும் தலையில் துணி கட்டியிருந்தார். பார்த்தேன், ஆனால் பார்க்கவில்லை.

"அது கிடக்கட்டும் கண்ணு. ஓக்தாவ் பாத்துக்குவான்."

"ரெண்டே நிமிஷம் அத்தை."

"சொன்னா கேக்கமாட்டே. சரி, காபியாவது குடிச்சிட்டுப் போ," என்று சமையலறைக்குப் போனார்.

கேமராவைத் திறந்தேன். உள்ளே ஒரு கம்பி துண்டாகியிருந்தது. அறுந்ததல்ல, குறடால் சுத்தமாக நறுக்கியது. நுனியில் ஒட்டுநாடா. பிறகு எளிதாக உரிக்கவேண்டும் என்று நாடாவின் முனையை மடித்து ஒட்டியிருந்தது. எங்கள் இரண்டு கட்டடங்களிலும் அப்படி ஒட்டுபவர்கள் இரண்டே பேர். நான் ஒருத்தி.

ஏன் நறுக்கினான் என்று நான் யோசித்திருக்கவேண்டும். அகப்பட்டுக்கொண்டான் என்ற சந்தோஷம்தான் வந்தது. ஈயத்தை உருக்கிப் பற்றவைத்தேன். ஒதிலியா ஏற்கெனவே திரையில் காத்திருந்தாள்.

அத்தை காபித் தட்டோடு வந்து வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். அடுப்பு வெக்கையில் தலைத்துணியை அவிழ்த்துத் தோளில் போட்டிருந்தார்.

"அம்மா," என்றாள் ஒதிலியா. "முடி எங்கம்மா?"

அத்தை திரையைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒரு சொட்டுச் சிந்தாமல் தட்டை வைத்தார்.

"வெயிலுக்கு எடுத்துட்டேன்டி."

"எப்போலேருந்தும்மா?"

அத்தை தோளில் கிடந்த துணியை எடுத்து மடித்தார்.

"ஜனவரிலேருந்து."

நான் கிளம்பியபோது அத்தை வாசல்வரை வந்தார். "உன் கை நல்ல கை, ரலூகா. கைக்கு முன்னாடி வாய் போயிருக்கணும்."

5.

அன்று மாலை ஓக்தாவ் மொட்டைமாடியில் கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அத்தைதான் நறுக்கச் சொன்னாங்க. பாத்தா மக வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவான்னு பயம். அவ அனுப்பற பணத்துலதான் வைத்தியமே நடக்குது."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"யாருக்கும் சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்திருந்தேன்." சுற்றிய கேபிளைத் தோளில் மாட்டினான். "எல்லாரும் என்னைப் பாத்து சிரிச்சப்ப நீயும் சிரிச்ச ரலூகா."

ஐந்தாம் நாள் ஒதிலியா பெட்டியோடு வந்து இறங்கினாள். அங்கே வேலை போய்விட்டது. செப்டம்பரில் அம்மாவும் மகளும் பால்கனியில் குடைமிளகாய் சுட்டதை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். வாசனை எங்கள் கட்டடம்வரை வந்தது. நவம்பரில் அத்தை போய்விட்டார்.

6.

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

(அ) நான் கேமராவைத் தொடுவதில்லை. நவம்பரில் பாதுவாவில் ஒரு தொலைபேசி மணி அடிக்கிறது. அதற்கு மேல் எழுத முடியவில்லை.

(ஆ) நான் ஓக்தாவிடம் கேட்கிறேன், அவன் சொல்லிவிடுகிறான். பொய். அவன் சொல்லியிருக்கமாட்டான்.

(இ) நடந்தது. கிறிஸ்துமஸ்தோறும் ஒதிலியா கூப்பிடுகிறாள். "நீ இல்லேன்னா அந்த அஞ்சு மாசம் எனக்குக் கிடைச்சிருக்காது," என்கிறாள். ஓக்தாவ் க்ளூஜ் நகரத்துக்குப் போய்விட்டான். ஒரு கல்யாண விருந்தில் பார்த்தபோது, "அத்தை கையில கடைசியா இருந்தது அந்த ஒரு முடிவுதான். அதையும் பிடுங்கிட்ட," என்றான்.

இரண்டு பேரும் சொல்வது உண்மை. இருவரையும் ஒரே முடிவுக்குள் உட்காரவைக்க இருபது வருடமாக எனக்குத் தெரியவில்லை.

ஆகவே இப்படிச் செய்கிறேன். ஜூன் மாதக் காலை. கேமரா திறந்து கிடக்கிறது, கம்பி இன்னும் நறுக்கியபடியே இருக்கிறது. திரையில் ஒதிலியா தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு காத்திருக்கிறாள். சமையலறையில் காபி பொங்கும் சத்தம். சால்டரிங் அயர்ன் சூடாகிவிட்டது. நான் எழுந்துகொள்கிறேன். என் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள்.