காணாமற்போன ஒரு சங்கிலி

சதாசிவத்தின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அது அவனுக்கே தெரிந்திருந்ததுதான் தொல்லை. சிங்கப்பூரில் பாதிரிமார் பள்ளி விடுதியில் வளர்ந்தவன். மலாயாவில் தங்காக் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குக் கிராணியாக, அதாவது கணக்கெழுதுகிறவனாக, வந்த இரண்டு வருஷத்தில், அவன் புத்தகத்தில் அடித்தல் திருத்தலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

1927இல் தோட்டத்துத் துரைக்கு லேடாங் மலையில், குளிர்ச்சியான இடமாகப் பார்த்து ஒரு பங்களா கட்டும் ஆசை வந்தது. பிரம்பு வெட்டுகிறவர்கள் போட்ட சுற்றுப்பாதை ஒன்று அங்கே இருந்தது. ஒரு பக்கமாக ஏறி, மறுபக்கமாக இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். அதை அளந்து படம் போட்டுக் கொடுக்கும்படி சதாசிவத்திடம் சொல்லிவிட்டார்.

அளவுச் சங்கிலி அறுபத்தாறு அடி நீளம். அதன் முன் முனையை ருக்னுதீன் இழுத்துக்கொண்டு போவான். பின் முனையைப் பிடித்திருக்கும் ஐயாசாமி ஒவ்வொரு சங்கிலிக்கும் சத்தமாக எண்ணுவான்; ஒவ்வொரு வளைவிலும் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும். சதாசிவம் ஒவ்வொரு வளைவிலும் நின்று திசைகாட்டியைப் பார்த்துத் திசையை எழுதுவான். அவர்கள் அடுத்த வளைவை எட்டியதும், கடைசியாகக் காதில் விழுந்த எண்ணை அந்தத் திசைக்கு எதிரே குறித்துக்கொள்வான். மூவருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். ஆனால் கிராணி கிராணிதான், கூலி கூலிதான்.

அடிவாரத்தில், ஈயம் தோண்டியவர்கள் கொட்டிவிட்டுப் போன வெள்ளை மணல் பரந்து கிடந்தது. பேருக்குக்கூட ஒரு புல் இல்லை. காலை எட்டு மணிக்கே உள்ளங்கால் பொரிந்தது. கப்பல் ஏறாமலே அரபு நாட்டைப் பார்த்தாயிற்று என்றான் ருக்னுதீன். மணல் முடிந்ததும் காடு தொடங்கியது. அட்டைகளும் உடன் வந்தன. மறுநாள் முற்பகலில் காற்று சட்டென்று குளிர்ந்தது. ஊசி ஊசியாக இலை வைத்த மரங்கள் வந்தன. ஐயாசாமி அவற்றைச் சவுக்கு என்றான். அது பைன் மரம் என்று சதாசிவம் திருத்தினான். இரண்டும் இல்லை, மலையில் மட்டும் விளைகிற வேறொரு சாதி அது. ஆனாலும் காலடியில் மெத்தென்று கிடந்த சருகும், அந்த வாசனையும் மூவருக்கும் ஒரே மாதிரி பிடித்துப்போயின.

அங்கே மூடுபனி இறங்கியது. முன்னால் போனவர்கள் மறைந்து, குரல் மட்டும் வந்தது. "லாபம்... ரெண்டு... மூணு..." சதாசிவம் குரலைக் கேட்டே எழுதினான்.

கீழே வந்து படம் போட்டபோது பாதையின் இரு முனையும் கூடவில்லை. தாளில் கடைசிக் கோடு புறப்பட்ட புள்ளியைத் தொட வேண்டும். ஆனால் அது சரியாக ஒரு சங்கிலி தூரம் தள்ளி நின்றது. மலையில் அளந்தால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்தான். முழுசாக ஒரு சங்கிலி போவதென்றால் எண்ணினவன் விட்டிருக்க வேண்டும். சதாசிவம் துரையிடம் அப்படியே சொன்னான். சொல்லும்போது அவனுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஐயாசாமியின் பேரை அடித்துவிடச் சொன்னார் துரை.

பேரை அடித்தால் வேலையோடு, தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். ஐயாசாமியின் மனைவி புஷ்பவள்ளிக்கு எட்டாம் மாதம். அவன் துரையின் வாசலில் வந்து நின்று, தன் எண்ணிக்கை தவறவில்லை, இன்னொரு தரம் அளக்க விடவேண்டும் என்று கேட்டுக்கொண்டான். துரை இரண்டு நாள் கொடுத்தார்.

மறுபடியும் அதே மணல், அதே அட்டை, அதே ஊசியிலை மரங்கள். இந்தத் தடவை மூடுபனி இல்லை. ஒரு பாறையடியில் நின்று சதாசிவம் திசையை எழுதினான். எதிரே இருவரும் சங்கிலியை நீட்டினார்கள். "லாபம்" என்றான் ஐயாசாமி. பாதை அங்கேயே திரும்பியது. ருக்னுதீன் சங்கிலியைத் தளர்த்தினான்.

எத்தனை என்று சதாசிவம் கேட்டான்.

"லாபங்க."

"எத்தனைன்னு கேக்கிறேன்."

ருக்னுதீன் சிரித்துக்கொண்டே ஒரு விரலைக் காட்டினான்.

ஐயாசாமி ஐந்து வருஷம் தங்காக் கடைத்தெருவில் அரிசி அளந்தவன். அரிசி அளக்கிறவர்கள் முதல் படியை ஒன்று என்று வாயால் சொல்ல மாட்டார்கள். லாபம் என்பார்கள், அடுத்தது ரெண்டு. விடுதிச் சோறு தின்று வளர்ந்த சதாசிவம் இதை எங்கே கேட்டான்? தொடங்குவதற்குப் போடுகிற சத்தம் என்று நினைத்திருந்தான். மற்ற இடங்களில் கடைசி எண் ஏழோ ஒன்பதோ என்று வந்ததால் பிழைத்தது. ஒரே சங்கிலியில் முடிந்த இடம் இது ஒன்றுதான்.

பழைய பக்கத்தைப் புரட்டினான். திசை எழுதியிருந்தது. எண்ணுக்குப் பதில் ஒரு கோடு. மூடுபனியில் ஏதோ மறுபடி ஆரம்பிக்கிறார்கள் என்று எண்ணி, அவனே போட்ட கோடு. புத்தகத்தைச் சட்டென்று மூடினான்.

மற்ற இருவருக்கும் இது தெரியாது. தெரியவும் வேண்டாம் என்றுதான் அவனுக்கு முதலில் தோன்றியது. முதல் தடவை ஐயாசாமி விட்டுவிட்டான், இப்போது சரியாக எண்ணினான், பாவம் மன்னித்துவிடலாம் என்று துரையிடம் சொன்னால் போதும். அவன் வேலையும் தப்பும், கிராணியின் புத்தகமும் சுத்தமாக இருக்கும். யாருக்கு நஷ்டம்? இறங்குகிற வழி நெடுக இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தான்.

மணலுக்கு வந்தபோது ஐயாசாமியே பேச்சை எடுத்தான். முதல் தடவை மேலே பனியில் கை விறைத்துப் போயிருந்தது, ஒருவேளை தான்தான் எங்கேயோ விட்டிருக்கலாம், கிராணி கோபித்துக்கொள்ளக் கூடாது என்றான். இரண்டு நாளில் அவனே அதை நம்பத் தொடங்கிவிட்டான். அதைக் கேட்ட பிறகு சதாசிவத்தால் அந்தச் சமாதானத்தைச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

துரையிடம் ஆங்கிலத்தில் ஒப்புக்கொண்டான். துரை கொஞ்சம் முறைத்துவிட்டு, தவறு தன்னுடையது என்று புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டான். ஐயாசாமியின் வேலை தப்பியது.

வெளியே படியருகில் ஐயாசாமி காத்திருந்தான். வேலை இருக்கிறது என்று சொன்னதும் அவன் இரண்டு கையையும் கூப்பிவிட்டான்.

"நீங்க நல்லா இருக்கணுங்க. என் தப்ப மறைச்சு என்னக் காப்பாத்திட்டீங்க."

சதாசிவம் அத்துடன் உள்ளே போயிருக்கலாம். ஆங்கிலத்தில் சொன்னது இங்கே யாருக்குப் புரியப்போகிறது?

"தப்பு உன்னுது இல்ல, ஐயாசாமி. என்னுது. லாபம்னா ஒண்ணுன்னு எனக்குத் தெரியல. நான்தான் எழுதாம விட்டேன்."

ஐயாசாமியின் கைகள் மெல்ல இறங்கின. கத்துவான் என்று நினைத்தான் சதாசிவம். கத்தியிருந்தால் தேவலை.

"மூணு நாளா அவ வயித்துப் புள்ளையோட சோறு எறங்காம கெடக்கா. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேங்க" என்றான் ஐயாசாமி.