ஒற்றை மானி சொன்ன மழை

ஆற்றோரத் தெருவில் அவளுக்குப் பெயர் ‘புரளி’. வெள்ளக் கணிப்பு நிலையத்தின் விஞ்ஞானி அவள். எங்கே எவ்வளவு மழை பெய்தது என்று அளந்து, ஆறு எப்போது கரை மீறும் என்று சொல்வதே அவள் பிழைப்பு. கடல் தாண்டிப் போய்க் கூட்டங்களில் பேசிவிட்டு வந்தவள். அதெல்லாம் தெருவுக்கு எதற்கு? போன மழைக்காலத்தில் அவள் பேச்சைக் கேட்டு மூட்டை முடிச்சோடு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள், ஆறு அசையவே இல்லை. தெருவுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அன்றைக்கு அவளுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவன் அவளுடைய சொந்த அண்ணன். அந்தத் தெருவில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறான். “என் தங்கச்சி சொன்னா அது கல்லுல எழுதின மாதிரி” என்று வீடு வீடாகக் கதவைத் தட்டினான். அவசரத்தில் தன் அச்சு இயந்திரத்தையும் தள்ளுவண்டியில் ஏற்ற, அது சரிந்து விழுந்து விரிசல் விட்டது. வெள்ளம் வராத ஊரில் வெள்ளத்தால் நஷ்டப்பட்ட ஒரே ஆள் அவன்தான் என்று தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. அவன் யாரிடமும் சண்டை போடவில்லை. தங்கையோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டான்.

நடந்த தப்பு என்னவென்று கேட்டால் உங்களுக்கும் சிரிப்பு வரும். மழைமானிக்குள் ஒரு குட்டிக் கிண்ணம் இருக்கும். மழைநீர் நிரம்பியதும் அது கவிழும், மறுபடி நிரம்பும், மறுபடி கவிழும். எத்தனை முறை கவிழ்ந்தது என்று நிலையத்துக்குத் தகவல் வந்துகொண்டே இருக்கும். ஒரு மானி மலையடிவாரக் கட்டடம் ஒன்றின் மாடியில் இருந்தது. பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டி. யாரோ மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து போக, தொட்டி வழிந்து அவ்வளவு தண்ணீரும் மானியின் தலையில் கொட்டியிருக்கிறது. பெரிய படிப்பு படித்தவள் அதை மழை என்று நம்பினாள்.

சூடு பட்டவள் சும்மா இருப்பாளா? கணினியில் ஒரு விதி எழுதி வைத்தாள். ஒரு மானி மட்டும் அக்கம்பக்கத்து மானிகளோடு ஒட்டாமல் தனியாகக் கத்தினால், அதைக் கணக்கிலிருந்து தள்ளிவிடு. மேலதிகாரி பாராட்டினார். எல்லாம் ஒழுங்கானது, அண்ணனைத் தவிர. முன்பெல்லாம் விடுமுறை நாளில் அவன் வீட்டில்தான் சாப்பாடு. அண்ணி முணுமுணுத்துக்கொண்டே பரிமாறுவாள், அண்ணன் அரசியல் பேசி உயிரை வாங்குவான். இப்போது அவளுடைய மாடி வீட்டில் கரண்டி விழுந்தால்கூட அவள்தான் எடுக்க வேண்டும். அதனால் விடுமுறை நாளிலும் அலுவலகத்துக்கே வந்துவிடுவாள். திரையில் வரிசையாக நிற்கும் மானிகளைப் பார்த்து, “என்னப்பா, சாப்டாச்சா?” என்று கேட்பாள். காவலாளி ஒருமுறை அதைக் கேட்டுவிட்டு, கேட்காத மாதிரி போய்விட்டார். அவளுக்குக் கூசிப் போயிற்று.

அப்படி ஒரு விடுமுறை நாள் காலைதான் அது. வெளியே தூறல். திரை முழுக்கப் பச்சை, அதாவது பயமில்லை. வேலை இல்லாத கை சும்மா இராமல், கணினி தள்ளிவிட்ட கணக்குகளைத் திறந்து பார்த்தாள். மலை முகட்டு மானி ஒன்று விடியலிலிருந்து அலறிக்கொண்டிருந்தது. மற்ற மானிகளில் வெறும் தூறல்தான். அவளே எழுதிய விதி முகட்டு மானியின் வாயைப் பொத்தி வைத்திருந்தது.

முகட்டில் கட்டடமும் இல்லை, தொட்டியும் இல்லை. முகட்டுக்கு அந்தப் புறம் என்ன நடக்கிறது என்று ராடாருக்கும் தெரியாது, மலை மறைக்கும். ஆறு பிறந்து மலையைச் சுற்றி வருவதோ அந்தப் புறத்திலிருந்துதான். மானி சொன்ன எண்களைக் கோடாகப் போட்டுப் பார்த்தாள். தொட்டித் தண்ணீர் என்றால் ஒரே சீராக விழும். இந்தக் கோடோ ஏறியது, இறங்கியது, சற்று ஓய்ந்து மறுபடி எகிறியது. மழைதான் இப்படிப் பெய்யும். போன முறை இந்தக் கோட்டைப் பார்க்கும் பொறுமை அவளுக்கு இல்லை. முகட்டில் விழுந்த தண்ணீர் ஊருக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகும்.

மேலதிகாரியைப் போனில் பிடித்தாள்.

“ஒரே ஒரு மானியை நம்பியா? மறுபடியுமாம்மா?” என்றார் அவர். “போன தடவை நான் வாங்கின பேச்சு எனக்குத்தான் தெரியும். ஜாக்கிரதையா இருங்கன்னு வேணா போடலாம். காலி பண்ணுங்கன்னு போட மாட்டேன்.”

“சார், இது தொட்டித் தண்ணி இல்ல சார்.”

“அன்னைக்கும் நீங்க அடிச்சுதான் சொன்னீங்க.”

அண்ணனுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. குடையை எடுத்துக்கொண்டு, வந்த ஆட்டோவை நிறுத்தி ஏறினாள்.

அச்சகத்தில் அண்ணன் ஏதோ துண்டு நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்தான். விரிசலை ஒட்டுப் போட்ட இயந்திரம் நொண்டி நொண்டி ஓடியது. அவளைப் பார்த்தும் பார்க்காதவன் போலக் காகிதத்தை அடுக்கினான். தெருவில் நாலு பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். “புரளி வந்தாச்சு, படகைக் கட்டுங்கடா” என்றான் ஒருவன். சிரிப்பு கிளம்பியது.

“அண்ணா, சாயங்காலத்துக்குள்ள தண்ணி வரும். அண்ணியைக் கூட்டிக்கிட்டு என் வீட்டுக்கு வா. நீ கிளம்பினாத்தான் இவங்களும் கிளம்புவாங்க.”

“இருக்கிற மானத்தையும் வித்துட்டு வரச் சொல்றியா?”

உள்ளேயிருந்து அண்ணி எட்டிப் பார்த்தாள். “நாங்க எங்கயும் வர்றதா இல்ல. நீ கிளம்பு.”

அவள் கிளம்பவில்லை. காகிதக் கட்டு ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். “நீங்க எழுந்திருக்கிற வரைக்கும் நானும் எழுந்திருக்க மாட்டேன். தண்ணி வந்தா என்னையும் சேர்த்துத்தான் கொண்டுபோகும்.”

“உட்காரேன், யார் வேண்டாம்னா?” அண்ணன் இயந்திரத்தைவிடச் சத்தமாகக் கத்தினான். “போன தடவை நூத்துக்கு நூறுன்னே. இப்ப எவ்வளவு? நூத்தைம்பதா?”

“தெரியாது.”

“என்னது?”

“நிச்சயமாத் தெரியாதுண்ணா. அந்த ஒரு மானி மட்டும்தான் சொல்லுது. அதுவும் பொய்யா இருக்கலாம். ஆனா எனக்குப் பயமா இருக்கு. உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா எனக்கு வேற யாருண்ணா இருக்கா?”

வேடிக்கை பார்த்தவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று விழித்தார்கள். சின்ன வயதில் கை ஒடிந்தபோதுகூடப் பயம் என்ற வார்த்தை வராத வாய் அது. அண்ணனுக்கு அது தெரியும். அவன் கையைத் துடைத்துக்கொண்டு இயந்திரத்தை நிறுத்தினான். “துணிமணியை எடு” என்றான் உள்ளே பார்த்து. அண்ணி வாயைத் திறந்தாள். “எடுன்னேன்ல” என்றான்.

தெருவுக்கு அதுதான் புதிர். போன தடவை அவ்வளவு அவமானப்பட்டவனே கிளம்புகிறான் என்றால் ஏதோ இருக்கிறது. படகைக் கட்டச் சொன்னவன்தான் முதலில் வீட்டுக்குள் ஓடினான். அப்புறம் பக்கத்து வீடு, எதிர் வீடு. திட்டிக்கொண்டேதான் போனார்கள். இந்த முறையும் பொய்யாகட்டும், அவளை உண்டு இல்லை என்று பண்ணிவிடுகிறோம் என்று சபதம் போட்டுக்கொண்டே மேட்டில் ஏறினார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் ஆறு வந்தது. அச்சகத்தில் பாதிச் சுவர் வரைக்கும் ஏறி, காகிதத்தையெல்லாம் கூழாக்கிவிட்டு, ஒட்டுப் போட்ட இயந்திரத்தைச் சேற்றில் புதைத்தது. தெருவில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? நல்ல ஆள் நீங்கள்! தண்ணீர் வடிந்ததும் வீட்டைப் பார்க்கப் போன அண்ணி, சேறு படிந்த காலோடு திரும்பி வந்து அவள் வீட்டு வாசலிலேயே நின்றாள்.

“நல்லதுன்னு ஒண்ணு உன் வாயில வரவே வராதா? கருநாக்கு! சொல்லிச் சொல்லியே வரவழைச்சுட்டே!”

அதுவே தெருவுக்கும் பிடித்துப் போயிற்று. புரளி போய் கருநாக்கு வந்தது. கடையில் அவளைப் பார்த்ததும், “அம்மா, எங்களைப் பத்தி எதுவும் சொல்லிடாதீங்க” என்று கும்பிட்டார்கள். பாதி விளையாட்டு, பாதி நிஜம். அவள் சிரித்து வைத்தாள். வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல் அழுதாள்.

அவள் வீட்டில் தங்கியிருந்த வரையில் அண்ணன் நன்றியும் சொல்லவில்லை, கோபமும் காட்டவில்லை. மேட்டில் ஒரு வாடகை வீடு கிடைத்ததும் இருவரும் போய்விட்டார்கள். அவன் படுத்திருந்த பாயைச் சுருட்டி வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஒருவனைப் பிழைக்க வைத்துவிடலாம், நம்மோடு உட்கார்ந்து சாப்பிட வைக்க முடியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளம் வடிந்து நிலையத்துக்குப் போன அன்றே கணினியில் அந்த விதியைத் திருத்தியிருந்தாள். தனியாகக் கத்தும் மானியைத் தள்ளிவிடாதே, என்னைக் கூப்பிடு.

ஒருநாள் மத்தியானம் அவள் நிலையத்தில் தனியாக இருந்தபோது போன் அடித்தது. அண்ணன்.

“வானம் கறுத்துக் கிடக்கு. என்ன சொல்றே?”

அவள் அவசரமாகத் திரையைப் பார்த்தாள். ஒன்றுமில்லை, சாதாரண மேகம். மலையில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை.

“ஒண்ணும் இல்லண்ணா. கலைஞ்சுரும்.”

“நிச்சயமா?”

“அநேகமா.”

“சரி.”

அதோடு முடிந்தது என்று அவள் போனைக் காதிலிருந்து எடுக்கப் போனாள். எதிர்ப்பக்கம் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. அவன் வைக்கவில்லை.

“அப்புறம்?” என்றான் அண்ணன்.

“அப்புறம் ஒண்ணுமில்லண்ணா. நீ சொல்லு.”

“என்கிட்ட என்ன இருக்கு? நீ சொல்லு.”

அவளிடமும் சொல்ல ஒன்றும் இல்லை. நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். “அப்புறம்?” என்றாள்.