அரை மணிதான், தம்பி

ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் இருக்கும் லார்ட் ஹாவ் தீவில் இறங்கிய அன்றே டூகல் ஏமாந்தான். சைக்கிளை நிறுத்தினால் முன்சக்கரம் கடலைப் பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் என்று படகுக்காரி நோலீன் சொன்னதை நம்பி மூன்று நாள் அப்படியே நிறுத்தினான். கடைக்காரர் முதல் தபால்காரி வரை எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். விஷயம் தெரிந்ததும், இனி இந்த ஊரில் யார் எதைச் சொன்னாலும் நம்புவதில்லை என்று முடிவுகட்டினான்.

டூகல் சிட்னியில் மென்பொருள் எழுதுகிறவன். நோலீனும் அவள் கணவர் ராஸும் அடியில் கண்ணாடி பதித்த படகில் பயணிகளுக்குப் பவளப்பாறை காட்டுகிறார்கள். தீவில் செல்போன் எடுக்காது. அதனால் அவர்களுக்காக விடுதிக்கு விடுதி ஒரு திரை மாட்டி, படகு கிளம்பும் நேரம் நெருங்கினால் அதுவே மணியடித்து ஆளைக் கிளப்பும்படி செய்திருந்தான்.

கோடை தொடங்கும்போது சிட்னியில் எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள்; அந்த நாள் நெருங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நோலீன் கேட்டாள். "ஞாயித்துக்கிழமை விடியறதுக்குள்ள கடிகாரத்தை முன்னால தள்ளணும். உன் திரைக்கு அது தெரியுமா?"

"தெரியும். ஒரு மணி நேரம் தானாத் தள்ளிக்கும்."

"ஒரு மணியா? இங்க அரை மணிதான், தம்பி."

"சைக்கிள் மாதிரியா?"

"இது நெசமாப்பா."

மீன் பொரித்துக்கொண்டிருந்த ராஸும் திரும்பாமலே, "அரை மணிதான்" என்றார். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குரலில் சொன்னதில் டூகலுக்குச் சந்தேகமே போய்விட்டது. பேசிவைத்துக்கொண்டுதான் சொல்கிறார்கள்.

ஞாயிறு காலை ஒன்பதுக்குப் படகு. ராஸ் அரைக்கால் சட்டையோடு டோஸ்ட் தின்றுகொண்டிருந்தபோது, கரையில் இருபத்திரண்டு பேர் தொப்பியும் துண்டுமாக நின்றார்கள்.

"ஒன்பதாச்சு, படகு எங்க?" என்றாள் ஒரு பெண்.

"எட்டரைதாம்மா ஆகுது. படகு மிதக்கற அளவுக்கு இன்னும் தண்ணியே ஏறல" என்றார், டோஸ்டும் கையுமாக வந்த ராஸ்.

கடிகாரத்தைத் தள்ள மறந்திருந்த ஒரு பெரியவர், "ரெண்டு பேரும் தப்பு, மணி எட்டு" என்றார். யாரோ ஓட்டெடுப்பு நடத்தலாமா என்றார்கள். சைக்கிளில் விழுந்தடித்து வந்த டூகல், நோலீன் வீட்டுக்குள் ஓடி, அங்கிருந்த தொலைபேசியில் விமான நிலையத்தைக் கேட்டான். எட்டரை.

அவன் எழுதிய மென்பொருளில் முழு மணிக்குத்தான் இடம் இருந்தது. அதை மாற்ற சிட்னியிலிருக்கும் மேலாளர் இமெல்டாவின் அனுமதி வேண்டும். அதே தொலைபேசியில் அவளை எழுப்பினான்.

"எவ்வளவு நேரம் தள்ளணும்?"

"அரை மணி."

"டூகல், சைக்கிள் கதையச் சொன்னது நீதானே?"

"இது அப்படியில்ல, மேடம். நெசமாவே அரை மணி."

"ஊர்க்காரங்க யார்கிட்டயாவது போனைக் குடு."

வேறு வழியில்லாமல் நோலீனிடம் கொடுத்தான். அவள் கண்ணில் மின்னியதைப் பார்த்ததுமே பிடுங்கக் கை நீட்டினான். அதற்குள் அவள், "தம்பி தப்பாச் சொல்லிட்டான்மா. அரை மணியெல்லாம் இல்ல. பதினேழு நிமிஷம்" என்றாள்.

போன் வைக்கப்பட்டது. டூகல் மூன்று தடவை அடித்தும் இமெல்டா எடுக்கவில்லை. ராஸ் பெண்டாட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கரையில் நிற்பவர்களுக்குத் தேநீர் போடப் போனார்.

இருபது நிமிஷம் கழித்து இமெல்டாவே அழைத்தாள். அரசாங்க இணையதளத்தில் பார்த்திருக்கிறாள். "அரை மணிதான்" என்றாள், குரல் இறங்கி. "மாத்திடு. அந்தம்மாகிட்ட மட்டும் இனிமே போனைக் குடுக்காத."

மத்தியானத்துக்குள் எல்லாத் திரையும் சரியாகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் நோலீன் அவன் தட்டில் இன்னொரு மீனை வைத்தாள்.

"ஏன் அப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியலப்பா. அந்தம்மா ரொம்ப அதிகாரமாப் பேசுச்சு."

"என் வேலை போயிருக்கும், நோலீன்."

"போனா படகு கழுவ ஆள் வேணும்" என்றார் ராஸ்.

டூகலுக்குக் கோபப்படத்தான் ஆசை. ஆனால் அந்தப் பதினேழு நிமிஷம் நினைவுக்கு வர, வாயிலிருந்த மீனோடு சிரித்துப் புரையேறியது. திரைகளைக் கண்காணிக்க வேண்டும் என்று இமெல்டாவுக்கு எழுதிப்போட்டு மேலும் இரண்டு நாள் தங்கினான்.