பத்தொன்பதாவது சாமான்

பைக்கில் கேக் கொண்டுபோவது எப்படி என்று லிஃப்ட் மெக்கானிக்கைக் கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் பேசுவார். அவர் மனைவி வீட்டிலேயே கேக் செய்து விற்பவள். வண்டி ஓட்டுவது அவள். பின்னால் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வருவது அவர். அவர் பிரேக் பிடிக்கிற விதத்தில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. ஊரில் பாதி லிஃப்டுகளுக்குப் பிரேக் பார்க்கிற மனிதருக்கு வீட்டில் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு மூன்றடுக்கு கேக். வேகத்தடை ஒன்றில் நடு அடுக்கு நழுவி அவர் சட்டைக்குள் வந்துவிட்டது. உச்சியில் நின்ற சர்க்கரை மாப்பிள்ளை முழங்கால்வரை கிரீமில் புதைந்து, பெண்ணை விட்டு ஒரு சாண் தள்ளிப் போயிருந்தான்.

"என்னம்மா டிசைன் இது?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா.

"புது மாடலுங்க," என்றாள் மனைவி, முகம் மாறாமல். பாதிப் பணம்தான் வந்தது.

இந்த லட்சணத்தில்தான் அந்தப் பெரிய ஹோட்டலிலிருந்து கூப்பிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை ஹோட்டலுக்கு இருபத்தைந்து வருடம் நிறைகிறதாம், ஐந்தடுக்கு கேக் வேண்டுமாம். "கேக் நின்னுக்கிட்டே வந்து சேரணும். வந்தா வாரா வாரம் ஆர்டர் உங்களுக்குத்தான். சாஞ்சு வந்துச்சுன்னா இதுவே கடைசி," என்றார் ஹோட்டல்காரர். வாடகைக் கார்க்காரர்களோ கேக் பெட்டியைக் கண்டாலே கதவைப் பூட்டிக்கொள்கிறவர்கள். சீட்டில் கிரீம் பட்டதற்கு ஒருவர் வாங்கிய தண்டம் கேக்கின் விலையைத் தாண்டியிருந்தது.

ஆகவே சொந்தக் கார். பழையதுதான், ஆனால் உயரமான வண்டி, பின்சீட்டில் பாதியை மடக்கினால் ஐந்தடுக்கும் நிற்கும். கார் கடைக்காரர் வெள்ளிக்கிழமை வரைக்கும் அதை நிறுத்தி வைப்பதாகச் சொன்னார். இனி கடன் கிடைக்க வேண்டியதுதான் பாக்கி.

ஃபைனான்ஸ் கம்பெனி நாலாவது மாடியில் இருந்தது. லிஃப்டில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. அதைத் தொங்கவிட்டவரே நம் மெக்கானிக்தான்; பார்ட்ஸ் வரவில்லை. ஒவ்வொரு மாடியிலும் மனைவி நின்று அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அடுத்த படியில் கால் வைத்தாள்.

மேனேஜர் கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். "உங்க கிரெடிட் ஸ்கோர் நானூத்துப் பன்னெண்டு. எங்களுக்கு அறுநூறு வேணும்."

காரணம் ஒரு ட்ரெட்மில். எட்டு வருடத்துக்கு முன்னால், வீட்டுக்குள்ளேயே நடந்து உடம்பைக் குறைக்கலாம் என்று தவணையில் வாங்கியது. வந்தபோது அதில் பெல்ட் இல்லை. பெல்ட் வந்தால்தான் தவணை என்று இவர் ஒற்றைக் காலில் நின்றார்; தவணை வந்தால்தான் பெல்ட் என்று கடைக்காரரும் நின்றார். இன்றுவரைக்கும் அதன்மேல் துணி காய்கிறது.

"அதுக்காக மனசு விட்டுடாதீங்க," என்றார் மேனேஜர். "உங்களை மாதிரி ஆளுங்களுக்குன்னே நன்னடத்தைத் திட்டம்னு ஒண்ணு இருக்கு. பக்கத்து வீட்டு ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிக் குடுக்கிறவன் எங்க தவணையையும் கட்டுவான்னு தலைமை ஆபீஸ்ல கண்டுபிடிச்சிருக்காங்க. உங்க வீட்டுல இரவல் சாமான் என்னென்ன இருக்கோ, எல்லாத்தையும் வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள சொந்தக்காரங்ககிட்ட குடுத்து, ஃபாரத்துல கையெழுத்து வாங்குங்க. சாமானுக்குப் பத்துப் பாயிண்ட்."

"இரவலே இல்லைன்னா?" என்று கேட்டாள் மனைவி.

"அப்போ பாயிண்டும் இல்லைம்மா."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. இவர்கள் பக்கத்து வீட்டில் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் இருந்தார். பிறந்ததிலிருந்து ஒருவரிடமும் ஒரு குண்டூசி இரவல் வாங்காதவர். அவர் ஸ்கூட்டர் கடனுக்குப் போனபோது, இதே கம்பெனியில் கைவிரித்துவிட்டார்கள்.

மறுநாளே ஆய்வாளர் வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், கையில் அட்டையும் ஃபாரமும், தோளில் மடக்கு ஸ்டூல். நாற்காலியைக் காட்டினால் வேண்டாமென்று தன் ஸ்டூலை விரித்து உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தால் தன் பாட்டிலைக் காட்டினார். "யார்கிட்டயும் எதுவும் வாங்கிக்கிறதில்லீங்க. உத்தியோகம் அப்படி," என்றார்.

பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேட ஆரம்பித்தார். கீழ்வீட்டுக்காரரின் ஏணி. தையல்காரரின் இஸ்திரிப் பெட்டி. எதிர்வீட்டுத் தொட்டில், அதில் தூங்கிய இவர்கள் பிள்ளை இப்போது விடுதியில் தங்கி ஏழாம் வகுப்பு படிக்கிறான். ஒரு ட்ரில் மெஷின், ஒரு ஹெல்மெட், ஒற்றை பேட்மின்டன் மட்டை. மணி சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வாங்கிவந்து ஆறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிற சுவர்க்கடிகாரம். வீட்டில் பாதி ஊருடையது என்பது அன்றைக்குத்தான் மெக்கானிக்குக்கே தெரிந்தது. வெட்கமாக இருந்தது, பாயிண்டை நினைத்தால் பெருமையாகவும் இருந்தது.

மூன்று நாள் ஏறி இறங்கினார். இரவல் கொடுத்திருந்தவர்கள் யாரும் சந்தோஷப்படவில்லை. ஏணியைப் பார்த்ததும் கீழ்வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "எதுக்குங்க இப்போ எல்லாத்தையும்? உடம்பு ஏதாவது...?" என்று இழுத்தார். கடனுக்கு அலைகிறோம் என்று சொல்ல வாய் வராமல் மெக்கானிக், "சும்மாதாங்க. யாருக்கும் பாக்கி வைக்கக் கூடாதுன்னு தோணுச்சு," என்று பூசி மெழுகினார்.

அதுவே போதுமாக இருந்தது. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க அவருக்கு நாள் குறித்துவிட்டது. தையல்காரர் இஸ்திரிப் பெட்டியை வாங்கிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். ட்ரில் மெஷின்காரர், "வச்சுக்கங்க, உங்களுக்கில்லாததா," என்று சொல்லிவிட்டு, பிறகு எதையோ நினைத்துக்கொண்டவராக வாங்கிக்கொண்டார். வாத்தியார் ஆரஞ்சுப் பழங்களோடு வந்து, ஒன்றும் பேசாமல் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை ஆய்வாளர் கூட்டிப் பார்த்தார். பதினெட்டு சாமான், நூற்றெண்பது பாயிண்ட், மொத்தம் ஐநூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

"எட்டுதானே குறையுது. கொஞ்சம் பாத்துப் போடக் கூடாதா?"

"கூடாதுங்க."

மெக்கானிக் வெளியே ஓடினார். வாத்தியார் வீட்டிலிருந்து துடைப்பத்தை இரவல் வாங்கி, வாசலைத் தாண்டித் திரும்பி, அவர் கையிலேயே கொடுத்துவிட்டு மூச்சிரைக்க வந்தார். "பத்தொம்போது!"

"குறைஞ்சது ஒரு வருஷமாவது இரவல் இருந்திருக்கணும்," என்றார் ஆய்வாளர். "எட்டாவது விதி."

சொல்லிக்கொண்டே அவர் கண் சமையலறைப் பக்கம் போயிற்று. அங்கே, சுவரை அடைத்துக்கொண்டு, தொழில் சாமான் என்று அவர் இதுவரை கேட்காமல் விட்ட பெரிய ஓவன். "அது?"

மனைவி மெக்கானிக்கைப் பார்த்தாள்.

அது மெக்கானிக்குடைய அக்காவின் ஓவன். பன்னிரண்டு வயது மூத்த அக்கா. அவர் விழாமல் சைக்கிள் ஓட்டப் பின்னாலேயே பிடித்துக்கொண்டு ஓடியவள். மனைவிக்கு முதல் ஆர்டர் வந்தபோது, ஒரு வாரத்துக்கு என்று வாங்கிவந்தார். ஒரு வாரம் ஒரு மாதமானது. மாதம் போனபின், ஓவன் இல்லாமல் அக்கா முன்னால் நிற்க முகமில்லை. கொண்டுபோய்க் கொடுத்தால் பிழைப்பில்லை. இப்படியே ஒன்பது வருடம். மூன்று பஸ் ஸ்டாப் தள்ளி இருக்கிறவள் எதிரில் வந்தால் இவர் சந்துக்குள் புகுந்துவிடுவார். அவளும் சொந்தக்காரர்களில் ஒருத்தர் விடாமல் சொல்லிவைத்திருந்தாள்: "என் ஓவன் என்ன ஆச்சுன்னு அவனைக் கேளு."

மனைவி ஓவனின் கதவைத் திறந்தாள், மூடினாள். காருக்காக ஓவனைக் கொடுப்பது என்ன கணக்கு என்று யோசித்தாளோ என்னவோ. கடைசியில், "குடுத்துடலாங்க," என்றாள். "காரும் இல்லாம, நாளைக்கு அஞ்சடுக்கும் சாஞ்சு போய், அப்புறம் இந்த ஓவனை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? ஒன்பது வருஷமா உங்க அக்கா சாமான்ல சுட்டு, ஊருக்கெல்லாம் நல்வாழ்த்துன்னு எழுதிட்டிருக்கேன். எனக்கும் போதும்." ராத்திரிக்கு எங்கே சுடுவது என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

சுமை வண்டி பிடித்து, மூன்று பேரும் ஓவனும் அக்கா வீட்டில் இறங்கியபோது மணி நாலரை. அக்கா கதவைத் திறந்தாள். தம்பியைப் பார்த்தாள், ஓவனைப் பார்த்தாள். அடுத்த நொடி வாசற்படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

"கேள்விப்பட்டது நெசந்தானா? என்ன வியாதிடா உனக்கு? யார்கிட்டடா காட்டினே?"

"ஒண்ணுமில்லைக்கா. நல்லாத்தான் இருக்கேன்."

"பொய் சொல்லாதே! ஊர்ச் சாமானை எல்லாம் குடுத்து முடிச்சிட்டானாம்னு காலையிலேருந்து நாலு பேரு போன் பண்ணிட்டாங்க. கடைசியா என்கிட்ட வந்து நிக்கிறே. இதையும் குடுத்துட்டு எங்கடா கிளம்பறே?"

"நீங்க இந்த இடத்துல கையெழுத்து..." என்று ஃபாரத்தை நீட்டினார் ஆய்வாளர்.

"போட மாட்டேன்! என் ஓவன் அவன் வீட்டுல இருக்கிறவரைக்கும் அவனுக்கு ஒண்ணும் ஆகாது. எடுத்துட்டுப் போங்க!"

நாலு நாற்பது. மெக்கானிக் கெஞ்சினார். கார் கடன் என்றார், பாயிண்ட் என்றார், நன்னடத்தை என்றார். அக்கா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்படி ஒரு திட்டம் உலகத்தில் இருக்கும் என்று யார்தான் நம்புவார்கள்? கடைசியில் ஆய்வாளர் எட்டு விதிகளையும் ஒன்றுவிடாமல் உரக்கப் படித்தார். இவ்வளவு கிறுக்குத்தனத்தை வீட்டில் உட்கார்ந்து கற்பனை செய்ய முடியாது என்று பட்டதோ என்னமோ, நாலாவது விதியில் அழுகை நின்றது. எட்டாவதில் கோபம் வந்தது.

"அப்போ, காருக்காகத்தான் வந்திருக்கே. என்னைப் பார்க்க வரலை."

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். பொய் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. "வெட்கமா இருந்துச்சுக்கா. வெறுங்கையோட வர முடியலை. இதைத் தூக்கிட்டு வரவும் மனசு வரலை. தினம் அந்த ஓவனைப் பார்க்கிறப்போ உன்னைத்தான் நினைச்சேன். நினைச்சுக்கிட்டே வராம இருந்துட்டேன்."

அக்கா மூக்கை உறிஞ்சினாள். "ஓவன் யாருக்குடா வேணும்? நான் என்னைக்கு கேக் சுட்டேன்? என் ஓவன் எங்கேன்னு எல்லார்கிட்டயும் கேட்டது நீ வருவேன்னுதாண்டா. இதை வாங்கிக்கிட்டா, அப்புறம் நான் என்ன சொல்லி உன்னைக் கூப்பிடுவேன்?"

ஆய்வாளர்கூட வாட்சைப் பார்க்க மறந்துபோனார்.

மனைவிதான் முன்னால் வந்தாள். "அண்ணி, ஓவன் இங்கேயே இருக்கட்டும். இன்னிக்கு ராத்திரியே மாவோட வந்துடறேன். இனிமே தினமும் இங்கதான் சுடுவேன். உங்களுக்குத் தொந்தரவுதான்."

"தினமுமா?"

"தினமும்."

"என் சமையலறை என்ன ஆகும்?"

"நாறிப் போயிடும் அண்ணி."

அக்கா கொஞ்சநேரம் யோசித்தாள். தம்பி சாமானைத் திருப்பித் தரவில்லை என்ற ஒரே புகாரை வைத்து ஒன்பது வருடம் ஓட்டியாகிவிட்டது. சமையலறையையே பிடுங்கிக்கொண்டார்கள் என்பது அதைவிடப் பெரியது, ஆயுசுக்கும் போதும். ஃபாரத்தைப் பிடுங்கிக் கையெழுத்தைப் போட்டாள். நாலு ஐம்பத்தாறு.

"நீ என்னப்பா இந்த ஸ்டூல்ல தொத்திக்கிட்டு? சோபாவுல உட்காரு. காபி குடி," என்று ஆய்வாளரை ஒரு அதட்டல் போட்டாள். "இல்லீங்க, உத்தியோகம்..." என்று ஆரம்பித்தவர் அவள் பார்த்த பார்வையில் பொத்தென்று உட்கார்ந்து, ரெண்டு டம்ளர் குடித்தார். பிறகு மேனேஜருக்குப் போன் போட்டு 'அறுநூத்து ரெண்டு' என்று அவர் சொன்னதும், அன்றைக்கே கார் கைக்கு வந்தது.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஐந்தடுக்கு கேக் பழைய காரின் பின்சீட்டில் ஹோட்டலுக்குப் போயிற்று. பக்கத்தில் அக்கா, ஒரு கையால் அடிப்பலகையைப் பிடித்துக்கொண்டு. ஓட்டியது மனைவி. ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் இவர்கள் படுத்தியதை அக்கா வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள். வேகத்தடை வந்தபோது மட்டும் எல்லாரும் மூச்சை அடக்கினார்கள். கேக் அசையவில்லை. ஹோட்டல்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் மூணடுக்கு," என்றார்.

திரும்பும்போது அக்காவை அவள் வீட்டில் இறக்கிவிட்டார்கள். மடக்கிய சீட்டை நிமிர்த்தப் போன மெக்கானிக் கண்ணில் அவளுடைய குடை பட்டது.

"அக்கா! குடையை விட்டுட்டியே!"

அவள் கேட்டைத் திறந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "இருக்கட்டும். நாளைக்கு நீ கொண்டுவந்து குடு."

"நாளைக்கு எனக்கு டூட்டிக்கா. இவகிட்ட குடுத்துவிடறேன்."

"டூட்டி முடிச்சிட்டு வாடா," என்றாள் அக்கா. "நான் அவளுக்குக் குடையை இரவல் குடுக்கலை."